யார் யாரைப் பார்த்தார்கள்? ஊராட்சிக்கு ஒரு சந்திப்புப் பதிவேடு



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்திருந்தார். தங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை கேட்டு மூன்று முறை மனு கொடுத்ததாகச் சொன்னார். மூன்று மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். சாலை வந்துவிட்டது. ஆனால் அவர் தெருவுக்கு வரவில்லை. ஒரு வீடுகூட எழும்பாத புதிய மனைப்பிரிவுக்குப் போகும் பாதையில் போட்டிருக்கிறார்கள். "நாங்க எழுதிக் கொடுத்தோம் அண்ணே, அவங்க நேர்ல பேசி முடிச்சுட்டாங்க" என்றார்.

யார் பேசினார், யாரிடம் பேசினார், என்ன காரணம் சொல்லிக் கேட்டார் என்று நாங்கள் விசாரித்துப் பார்த்தோம். எந்தத் தாளிலும் இல்லை. சாலை போட்டதற்குக் கணக்கு இருக்கிறது. அந்த இடத்தில் போட வேண்டும் என்று முடிவு எப்படி வந்தது என்பதற்கு எழுத்து இல்லை. அந்த ஊரின் பெயரை நாங்கள் இங்கே குறிப்பிடவில்லை. இது எந்த ஊரிலும் நடக்கக் கூடியதுதான்.

மனுவுக்குப் பதிவு எண் உண்டு; நேரில் பேசும் பேச்சுக்குப் பதிவு இல்லை. இந்தக் குறையைப் போக்கச் சில நாடுகளில் நகராட்சி அளவிலேயே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அது என்ன, நம் குடுமியான்மலை போன்ற ஊருக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

லாபி என்றால் என்ன?

அரசாங்கத்தில் முடிவெடுக்கும் ஒருவரைச் சந்தித்து, அந்த முடிவு தமக்கோ தம்மை அனுப்பியவருக்கோ சாதகமாக அமையும்படி பேசுவதை லாபி என்கிறார்கள். நம் ஊர் வழக்கில் சிபாரிசு, ஆள் வைத்துப் பேசுவது, உள்ளே சொல்லி வைப்பது என்றெல்லாம் சொல்வோம்.

லாபி வேறு, லஞ்சம் வேறு. லஞ்சம் சட்டப்படி குற்றம். பேசுவது குற்றமில்லை, அது குடிமக்களின் உரிமை. நாங்களே அதைச் செய்கிறோம். கபர்ஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், பள்ளிவாசல் தெருவுக்கு விளக்கு வேண்டும், விதவைப் பெண்களின் உதவித்தொகை விண்ணப்பம் ஏன் நிற்கிறது என்று கேட்டு நம் நிர்வாகிகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். இதுவும் லாபிதான்.

ஒரே மேசைக்கு முன்னால் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் தன் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் போட்டு மனு தருகிறார். இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் போய்விடுகிறார். பல நேரங்களில் இரண்டாமவர் பேச்சுக்குத்தான் பலன் அதிகம். பதிவேடு கேட்பவர்கள் இரண்டாமவர் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. முதலாமவரைப் போல அவரும் பெயரை எழுதிவிட்டுப் பேசட்டும் என்கிறார்கள்.

நம் ஊரில் இது எங்கே நடக்கிறது?

குடுமியான்மலை ஊராட்சி, அன்னவாசல் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆகியவை நம் அன்றாட வாழ்க்கைக்கான முடிவுகளை எடுக்கும் இடங்கள். எந்தத் தெருவுக்குச் சாலை, எந்தப் பகுதிக்கு முதலில் குடிநீர்க் குழாய், எந்த வயல் மனையாக மாறலாம், கைபேசிக் கோபுரம் எங்கே நிற்கலாம், கல் குவாரிக்கு எந்த இடத்தில் அனுமதி, ஒப்பந்த வேலை யாருக்கு என்பன அவற்றில் சில. இவை ஒவ்வொன்றிலும் யாருக்கோ பெரிய லாபமும் யாருக்கோ பெரிய நட்டமும் உண்டு. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் பேச ஆள் வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் நம் ஊர்க்காரர். யார் அவர் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும்; டீக்கடையில் வழிமறித்துக் கேட்கலாம். ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் அதிகாரியை யார் பார்த்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வழியில்லை. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரிய வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

டொராண்டோ கற்ற பாடம்

கனடாவின் டொராண்டோ நகரில் இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1999இல் அந்த நகர மன்றம் கணினிகளை வாடகைக்கு எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்ய ஒப்புதல் அளித்தது. சுமார் 4 கோடியே 30 லட்சம் டாலர் என்று தொடங்கிய செலவு, பிறகு ஏறக்குறைய இரு மடங்கானது. எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை.

நீதிபதி டெனிஸ் பெல்லமி தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. நிறுவனத்துக்காகப் பேசியவர்கள் நகர அதிகாரிகளுடனும் மன்ற உறுப்பினர்களுடனும் விருந்து, விளையாட்டுப் போட்டி என்று நெருங்கிப் பழகியது அதில் வெளிவந்தது. 2005 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 241 பரிந்துரைகள் இருந்தன. லாபி செய்வோருக்கான பதிவேடும் அவற்றில் ஒன்று. 2006ஆம் ஆண்டு டொராண்டோ நகரச் சட்டம் இந்தப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

நிறுவனத்துக்காகவோ கூலிக்காகவோ நகர மன்ற உறுப்பினரிடம் அல்லது அதிகாரியிடம் பேச விரும்புகிறவர் முதலில் தன் பெயர், யாருக்காகப் பேசுகிறார், எந்தப் பொருள் பற்றி என்று பதிய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பதிவாளர் என்று ஒரு தனி அதிகாரி இருக்கிறார். தன் தெருப் பிரச்சினையைத் தன் வார்டு உறுப்பினரிடம் சொல்லும் சாதாரணக் குடிமகன் பதிய வேண்டியதில்லை. பகிரங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவரும் பதிய வேண்டியதில்லை. அவர் பேசுவதைத்தான் ஊரே கேட்கிறதே!

அயர்லாந்தும் நிலமும்

அயர்லாந்து நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. டப்ளின் நகரைச் சுற்றி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதற்கு, உள்ளாட்சி உறுப்பினர்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்தார்கள் என்ற புகாரை 1997இல் அமைக்கப்பட்ட விசாரணை மன்றம் ஆராய்ந்தது. 2012 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை, ஊழல் அரசியலின் எல்லா மட்டத்திலும் பரவியிருந்ததாகச் சொன்னது.

2015இல் அங்கே லாபி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் பதிவு தொடங்கியது. உள்ளாட்சி உறுப்பினர்களிடம் பேசுவதும் அதில் அடக்கம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, யாரிடம் என்ன பேசினோம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். பொதுவாக நிறுவனங்களும் ஊழியர் வைத்திருக்கும் அமைப்புகளும்தான் பதிய வேண்டும். நிலத்தின் வகை மாற்றம், மனை மேம்பாடு என்று வந்தால் மட்டும் தனிநபரும் பதிய வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுகிறவருக்கு விலக்கு உண்டு. நிலத்தில்தான் பெரிய பணம் புரள்கிறது என்பதை அனுபவத்தில் உணர்ந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

இந்தியாவில்

நம் நாட்டில் லாபிக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2013இல் மக்களவை உறுப்பினர் காளிகேஷ் சிங் தேவ் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

பதிவேட்டின் அருமையை நமக்குக் காட்டிய நிகழ்ச்சி அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. வால்மார்ட் நிறுவனம், இந்தியச் சந்தையில் நுழைவது உட்படப் பல விஷயங்களுக்காக 2008 முதல் சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் லாபிக்குச் செலவிட்ட செய்தி 2012 டிசம்பரில் வெளிவந்தது. நாடாளுமன்றத்தில் அமளி. நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கச் சட்டப்படி அந்த நிறுவனமே அங்கே தாக்கல் செய்த அறிக்கையிலிருந்து! நம் நாட்டைப் பற்றிய பேச்சை நாம் அடுத்த நாட்டுப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பெயர் எழுதியவருக்கு நேர்ந்தது

வெளிநாட்டுக் கதைகள் போதும். நம் மாவட்டத்துக்கு வருவோம். திருமயம் அருகே வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர். சட்டவிரோதக் கல் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து மனு கொடுத்து வந்தார். 2025 ஜனவரி 17 அன்று இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதி உயிரிழந்தார். முதலில் விபத்து என்று பேசப்பட்டது. பிறகு கொலை வழக்காக மாறியது. குவாரித் தரப்பினர் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அன்னாரின் மஃபிரத்துக்காக நாம் துஆ செய்வோம்.

இந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. புகார் கொடுத்தவரின் பெயர் ஒவ்வொரு மனுவிலும் இருந்தது. குவாரிகளுக்காக அரசு அலுவலகங்களில் பேசுகிறவர்களின் பெயர் எழுதி வைக்கப்படுவதே இல்லை. பலவீனமானவர் வெளிச்சத்திலும் பலமானவர் இருட்டிலும் நிற்கும் இந்த ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே, பதிவேடு கேட்கும்போதே ஒரு நிபந்தனையைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: முறைகேட்டைப் பற்றித் தகவல் தருகிறவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் வரக் கூடாது. அவர் லாபி செய்பவர் அல்லர். ஆதாயம் தேடிப் பேசுகிறவரின் பெயர்தான் வெளியே தெரிய வேண்டும். இந்த வேறுபாடு இல்லாமல் எல்லோர் பெயரையும் ஒரே நோட்டில் எழுதி வைத்தால், அது ஏழைக்கும் புகார் கொடுப்பவருக்கும் எதிரான ஆயுதமாகிவிடும்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

பெரிய கணினி ஏற்பாடு தேவையில்லை. பக்க எண் போட்ட ஒரு நீள நோட்டு போதும். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வரி.

1. தேதி, இடம்.
2. வந்தவர் பெயர், யாருக்காக வந்தார்.
3. யாரைச் சந்தித்தார்: தலைவர், உறுப்பினர், செயலர், தனி அலுவலர்.
4. எந்தப் பொருள்: மனைப்பிரிவு, ஒப்பந்தம், குவாரி, கோபுரம், சாலை.
5. என்ன கேட்டார்; ஏதாவது தாள் கொடுத்தாரா.

சான்றிதழ், குடும்ப அட்டை, வீட்டு வரி, உதவித்தொகை, சொந்தத் தெருவின் குடிநீர் போன்றவற்றுக்காக வரும் குடும்பங்கள் இதில் எழுத வேண்டியதில்லை. இன்று காலை யார் யாரெல்லாம் அலுவலகத்துக்கு வந்தார்கள் என்று அறிவதற்கான வருகைப் பதிவேடு அல்ல இது. வியாபார நோக்கத்தோடும் பிறருக்காகவும் பேசுகிறவர்களுக்கானது. நோட்டைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

நீங்கள் கேட்கக் கூடிய கேள்விகள்

"பேச வேண்டியதை டீக்கடையிலோ வீட்டிலோ பேசிவிட மாட்டார்களா?" பேசுவார்கள். ஆனால் விதி என்று ஒன்று இருந்தால், எழுதாமல் பேசியதே ஒரு தவறாகிவிடும். இன்றைக்கு அப்படிப் பேசியதை நாம் கண்ணால் பார்த்தாலும் கேட்க வழியில்லை.

"லஞ்சம் நின்றுவிடுமா?" நோட்டு லஞ்சத்தை நிறுத்தாது. ஆனால் ஒப்பந்தம் ஒருவருக்குக் கிடைத்த பிறகு, அதற்கு முந்தைய மாதம் அவர் எத்தனை முறை வந்து போனார் என்று பார்க்க முடியும். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், வசூலில் ஒரு பகுதி தனக்கு அன்பளிப்பாக வந்தது என்று எடுத்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் பகிரங்கமாகக் கேட்ட செய்தியை ஹஜ்ரத்மார்களின் பயானில் கேட்டிருக்கிறோம். பதவிக்காக வருவதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற பாடம் நமக்குப் புதிதல்ல.

"நம் காரியமும் கெட்டுப் போகுமே?" இதை மறைக்காமல் பேசுவோம். நம்மவர்களிலும் சிலர் செல்வாக்கை வைத்துக் காரியம் முடிக்கிறார்கள். அதைவிட, ஜமாஅத்தைக் கேட்காமலேயே "நான் ஜமாஅத் சார்பில் வந்திருக்கிறேன்" என்று அலுவலகங்களில் பேசுகிறவர்களும் உண்டு. தேர்தல் காலத்தில் இது அதிகம். பதிவேட்டில் "யாருக்காக வந்தார்" என்று ஒரு கட்டம் இருந்தால், யார் அனுப்பி வந்தீர்கள் என்ற கேள்வி எழும். நம் பெயரை விற்பவர்களுக்கு அது தடை. அதனால் நமக்கு நன்மைதான்.

இன்றே செய்யக் கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் இருப்பதை வைத்துத் தொடங்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இதன் பிரிவு 4, ஒவ்வொரு பொது அலுவலகமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய 17 விவரங்களைச் சொல்கிறது. அதில் 7ஆவது, முடிவெடுப்பதில் பொதுமக்களின் கருத்தைக் கேட்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பது. 13ஆவது, சலுகை, அனுமதி, உரிமம் பெற்றவர்களின் விவரம். இந்த இரண்டையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஒரே ஆள் பெயரில் அனுப்ப வேண்டாம். நான்கைந்து பேர் அதே கேள்வியைத் தனித்தனியாக அனுப்புங்கள். யாரும் தனியாகக் கண்ணில் பட வேண்டாம்.

ஒப்பந்தப்புள்ளிச் சட்டம். 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். ஒரு வேலை யாருக்கு, எந்த விலைக்கு, எத்தனை பேர் போட்டியில் என்ற விவரத்தைக் கேட்கலாம்.

கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் உறுப்பினர், பெண்களும்தான். நம் பெண்கள் அங்கே போவது குறைவு. சாலையும் தண்ணீரும் அவர்கள் பாடுதான் என்பதால் அவர்கள் வந்து உட்கார வேண்டும். அங்கே இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்: "மனைப்பிரிவு, ஒப்பந்தம், குவாரி, கோபுரம் ஆகியவை தொடர்பாக ஊராட்சிப் பொறுப்பாளர்களைச் சந்திப்பவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும், முறைகேடு பற்றித் தகவல் தருவோர் பெயரை அதில் எழுதக் கூடாது." தீர்மானம் சட்டமாகிவிடாது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய ஒன்றை அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க முடியும்.

நம் மலையைப் பாருங்கள். குடைவரைக் கோயில் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதே கோயிலில் நிலமும் கொடையும் கைமாறிய விவரங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பல நூற்றாண்டு கழித்தும் அவற்றைப் படிக்க முடிகிறது. அப்படி எழுதி வைத்த ஊரில் ஒரு நோட்டு வைப்பது கடினமா?

முதலில் நம் நோட்டு

பிறரை எழுதச் சொல்லும் முன் நாம் எழுத வேண்டும். ஆகவே இந்த மாதம் முதல், அறக்கட்டளையின் பெயரால் எந்த அலுவலகத்துக்கு, யார், எதற்காகப் போனார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். உதவி கேட்டு வரும் குடும்பங்களின் பெயர் அதில் இருக்காது. அலுவலக நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். அடுத்த இதழில் அதன் சுருக்கத்தை வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

முதல் வரி எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சகோதரியின் தெருவுக்குச் சாலை கேட்டு ஒன்றிய அலுவலகம் போனோம். நான்காவது மனுவை அவருடன் சேர்ந்து கொடுத்தோம். யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைத்திருக்கிறோம். சாலை வரும்வரை எழுதுவோம்.